துண்டுக்குள் மூன்று விரல்

நாய்க்கு வைத்தியம் பார்ப்பவர் யார் என்று ஊரெல்லாம் விசாரித்து, மாட்டுத் தரகர் வெள்ளிங்கிரி கடைசியில் இந்த டாக்டரம்மாவிடம் வந்து சேர்ந்திருந்தார். மேசைமேல் அவருடைய நாய் துரை மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது.

"வயித்துல கட்டிங்க. ஆபரேஷன், மருந்து எல்லாஞ் சேத்து நாப்பதாயிரம் ஆகும்."

"சரிங்க" என்றார் வெள்ளிங்கிரி. சொன்ன விலைக்கு அவர் தலையாட்டியது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. அதற்காக வருத்தம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

பிறகு தோள்துண்டை எடுத்து டாக்டரம்மாவின் கைமேல் போர்த்தினார். மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். தன் மூன்று விரல்களை டாக்டரம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"முப்பதாயிரமா? கட்டாதுங்க."

"பணம் நீங்க சொன்னதே இருக்கட்டும் அம்மணி. இது வருசம். மூணு வருசமாச்சும் இருக்கோணும்."

டாக்டரம்மா துரையைப் பார்த்தார். துண்டுக்குள் வெள்ளிங்கிரியின் ஒரு விரலை மடக்கினார். சற்றுப் பொறுத்து இன்னொன்றையும் மடக்கினார்.

"பாத்துப் போட்டுக் குடுங்க" என்றார் வெள்ளிங்கிரி.

மிச்சமிருந்த ஒற்றை விரலை டாக்டரம்மா பிடித்துக்கொண்டார். சந்தையாக இருந்தால் அதையும் மடக்க வேண்டும், இல்லையென்றால் பேரம் படிந்ததென்று துண்டை எடுக்க வேண்டும். அவர் இரண்டையும் செய்யவில்லை. தொங்கிய துண்டின் நுனியைத் துரை மெல்ல நக்கிக்கொண்டிருந்தது.