எலும்பு சூப்

சூப் அபார ருசியாக இருந்தது. அதனால்தான் லாரி டிரைவருக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"நான் குடுக்கிற காசு உப்புக்கே பத்தாது. கறி வாங்க எவன்டி குடுத்தான்?"

"கறியில்லைங்க, கடையில கழிக்கிற எலும்பு. காய்த்தோலும் போட்டுக் கொதிக்க வெச்சேன்" என்றாள் மனைவி.

தலைமுடியைப் பிடித்து அவளைச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் வழிந்தது. அவள் கத்தவில்லை. அது அவன் சந்தேகத்தை இன்னும் கிளறியது.

நேரே போய்க் கறிக்கடைக்காரரின் சட்டையைப் பிடித்தான். "என் பொண்டாட்டிக்கு எதுக்குய்யா சும்மா எலும்பு குடுக்கிறே?"

கடைக்காரர் அவன் கையை விலக்கினார். "யாரு சும்மா குடுத்தா? நீங்க லாரியோட கிளம்பினதும் வந்து, ஆட்டையெல்லாம் துண்டு போட்டுக் குடுப்பாங்க. அதுக்குக் கூலி அந்த எலும்பு. ஒரே வெட்டுல மூட்டு தனியா வந்துடும். என் ஆளுங்களுக்கே அந்தக் கை வராது."

டிரைவர் வெட்டுக்கட்டையைப் பார்த்தான்.

"இன்னைக்கு எலும்போட ஒரு கத்தியும் கேட்டாங்க. பெரிய கத்தியாவே பார்த்துக் குடுத்தேன்."

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அவன் படியைத் தாண்டவில்லை.

"ஏன் அங்கேயே நிக்கிறீங்க?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல் நிதானமாக வந்தது. "கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க."