யானைக்குட்டி விடை தருகிறது

ஒன்பது நிமிடம் ஆயிற்று. இன்னும் ஒன்று.

அவள் கூடத்தின் கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

விரித்த பாயில் பன்னிரண்டு குழந்தைகள். ஆளுக்கொரு டேப்லெட். ஒவ்வொன்றிலும் அதே யானைக்குட்டி. கூட்டிவந்த பெற்றோரைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

நாற்காலிகளில் முதலீட்டாளர்கள். அவர்கள் முன்னால் கம்பெனி முதலாளி தாமோதரன், கையைக் கட்டிக்கொண்டு, சிரித்தபடி.

“நாற்பது நிமிஷம் பாருங்க சார். ஒரு பிள்ளையும் எந்திரிக்காது.”

சொல்லட்டும். நன்றாக உரக்கச் சொல்லட்டும். உயரத்துக்கு ஏறினால்தான் விழுகிறபோது சத்தம் கேட்கும்.

அந்த யானைக்குட்டி பேசுகிற தமிழ் முழுக்க அவள் எழுதியது. விளையாட்டை மூடுகிற பொத்தானில் முதலில் ‘போயிட்டு வரேன்’ என்றுதான் போட்டிருந்தாள். எல்லார் வீட்டிலும் சொல்லித்தருகிற வார்த்தை.

தாமோதரன்தான் அதை அடித்துவிட்டு ‘போறேன்’ என்று மாற்றினான்.

“நம்ம வீட்டுப் பிள்ளைங்க அந்த வார்த்தைய அழுத்தாதும்மா. போறேன்னு சொன்னா அம்மாக்காரி வாயிலேயே போட்டு வளர்த்திருப்பா.”

மீட்டிங்கில் எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். அதை நினைத்தால் இப்போதும் கை கூசும்.

அது நடந்த மூன்றாவது வாரம், யானைக்குட்டியோடு ஆடிக்கொண்டிருந்த அவளுடைய ஆறு வயது மகன் சோபாவில் உட்கார்ந்தபடியே டவுசரை நனைத்தான். அரை மணி நேரமாக அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறான். எழுந்தால் குட்டி அழும். அழாமல் இருக்க வேண்டுமானால் பொத்தானை அழுத்த வேண்டும்.

“போறேன்னு சொன்னா திரும்பி வர மாட்டாங்கன்னு நீதானேம்மா சொன்ன. அப்பறம் அது தனியாக் கெடந்து செத்துரும்ல?”

அவனைக் கழுவிவிட்டாள். சோபாவைத் துடைத்தாள். மறுநாள் காலை முதல் வேலையாகத் தாமோதரனிடம் போய்ச் சொன்னாள்.

“அப்ப நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்று சிரித்தான் அந்தப் புண்ணியவான்.

அந்தச் சிரிப்பை அவன் முகத்திலிருந்து பிடுங்கிப் போட வேண்டும். மூன்று மாதமாக அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

நேற்று, இன்றைய காட்சிக்கான தமிழ் வரிகளைக் கேட்டான். அனுப்பினாள். நானூறு வரி. ஒருவரும் படிக்க மாட்டார்கள் என்று தெரியும். எழுதியதை மெஷின் குரல் அப்படியே பேசிவிடும். பத்தாவது நிமிடம் ‘இன்னும் கொஞ்ச நேரம் இரு’ என்று குட்டி கெஞ்சுகிற வரி ஒன்று இருந்தது. அதை மாற்றினாள். பொத்தானையும் பழையபடி ‘போயிட்டு வரேன்’ என்று மாற்றினாள்.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும்.

பத்து.

பன்னிரண்டு யானைக்குட்டிகளும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன.

“எனக்குத் தூக்கம் வருது. வெளியில உன்னைத் தேடிட்டு இருக்காங்க. போயிட்டு வா, கண்ணு.”

முதலில் ஒரு பையன் எழுந்தான். சோம்பல் முறித்துவிட்டு ஒன்றுக்கு ஓடினான்.

பிறகு இரண்டு சிறுமிகள், கை கோத்துக்கொண்டு.

பிறகு யார் யார் என்று பார்க்க முடியவில்லை. கதவு திறந்தது, மூடியது, திறந்தது. வெளியே யாரோ யாரையோ தூக்கிக்கொள்கிற சத்தம் கேட்டது.

தாமோதரன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அசடு வழிந்தது. முதலீட்டாளர் ஒருவர் கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

அவளுக்கு வயிறு குளிர்ந்தது. மூன்று மாதம் எரிந்த வயிறு.

பாயில் ஒரே ஒரு குழந்தை மீதி இருந்தது. நேத்ரா. எட்டு வயது. தாமோதரனின் மகள்.

அவன் முகத்தில் உயிர் வந்தது.

“பாருங்க சார். ஒருத்தி அசையறாளா பாருங்க.”

யானைக்குட்டி மறுபடியும் சொன்னது. வெளியில உன்னைத் தேடிட்டு இருக்காங்க.

“பொய் சொல்லாத” என்றாள் நேத்ரா, யானையிடம். கோபமே இல்லாமல். “என்னைய யாரும் தேட மாட்டாங்க.”

கூடம் முழுக்கக் கேட்டது.

அந்த வரியைச் சுவரோரம் நின்றவள் எழுதவில்லை. இத்தனை கூராக அவளுக்கு எழுதவும் வராது.

அவன் சிரிப்பு போய்விட்டது. பிடுங்கிப் போட்டது போலவே போய்விட்டது. அவள் அதை ஆசை தீரப் பார்த்தாள். ஆனால் ஒரு குழந்தையின் வாயால் வேண்டும் என்று அவள் கேட்டிருக்கவில்லை.

தாமோதரன் பாய்வரை வந்தான். ஷூவைக் கழற்றுவதா வேண்டாமா என்று சற்று நின்றான். கழற்றாமலே குனிந்து, மகளின் தோளைத் தொட்டான்.

“வாம்மா. போலாம்.”

நேத்ரா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

“எங்கேப்பா?”

சுவரோரம் நின்றவள் பையை மாட்டிக்கொண்டாள். இனி இங்கே அவளுக்கு வேலை இல்லை. இப்போதே இறங்கிப் போயிருக்கலாம்.

அவன் சொல்லப்போகும் பதிலைக் கேட்காமல் நகர்வதில்லை என்று நின்றாள்.