ஜெர்மனியில் கிடைத்த மரியாதை

ஜெர்மனியில் பழைய லாரி ஒன்றை வாங்கி, தன் ஊரான நரீன் வரை தானே ஓட்டிவந்த ஜோல்தோஷுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அங்க என்னைப் பார்த்ததும் எல்லா வண்டியும் ஒதுங்கி வழிவிட்டுச்சு! ஓட்டற தினுசுலயே ஆளை எடை போட்டுடறாங்க."

"பின்னாடி என்னவோ எழுதியிருக்கே, அழிச்சிடலாமே?" என்றாள் மனைவி.

"ஐயையோ! ஜெர்மன் வண்டிங்கறதுக்கு அந்த எழுத்துதானே சாட்சி! மருமகளே, நீ படிச்சுச் சொல்லும்மா."

பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் சொல்லித்தரும் மருமகள், முக்காட்டுக்குள் சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

"'டிரைவிங் ஸ்கூல் வண்டி. ஓட்டுபவர் கத்துக்குட்டி, தள்ளிப் போகவும்'னு போட்டிருக்கு மாமா."

ஜோல்தோஷ் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அதையே நம்ம மொழியிலயும் பக்கத்துல எழுதிடும்மா. இங்க ஒரு பய எனக்கு வழிவிட மாட்டேங்கறான்."