குருசடி வரைக்கும்

தோளில் ஏறி உட்கார்ந்ததும் அவன் உடம்பைத் தளர விட்டான்.

தளர்ந்த உடம்பு கூடுதல் கனம். தூங்குகிற பிள்ளையைத் தூக்கியவர்களுக்குத் தெரியும்.

கீழே, தெற்குத் தெரு கால்பந்து கிளப்பின் செயலாளர் பெர்க்மான்ஸ், "சேசுவே" என்றார்.

ஊர் அதை வெற்றிக் களிப்பு என்று எடுத்துக்கொண்டது.

இறுதி ஆட்டத்தில் வெற்றி கோல் அடித்தவனைச் செயலாளர் தோளில் சுமந்து கடற்கரையில் சிலுவை நிற்கிற குருசடி வரைக்கும் போக வேண்டும். கிளப்பின் வழக்கம் அது. நடுவழியில் போட்டுவிட்டால் பதவி போச்சு. மேலே இருக்கிறவன் தானாக இறங்கிக்கொண்டால் குற்றமில்லை. எந்த வழி என்பதையும் அவன்தான் சொல்வான்.

எல்லாரும் குறுக்குவழியைத்தான் சொல்வார்கள். இருநூறு அடி.

அவன் வடக்கே கையை நீட்டினான்.

"வடக்குத் தெரு சுத்தியா மக்கா?"

அவன் குதிகாலால் அவர் நெஞ்சில் லேசாகத் தட்டினான்.

போன வருடம் வடக்குத் தெரு கிளப் அவனைக் கூப்பிட்டது. ஒன்பது வருடம் ஆடிய இடமாயிற்றே என்று, ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பீர்களா எனச் சொந்தக் கிளப்பில் கேட்கப் போனான்.

பெர்க்மான்ஸ் அவனை மூன்று வாரம் வாசலில் நிறுத்தி வைத்தார். ஆட்டக்காரர் பதிவு முடிகிற நாளில் உள்ளே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். இனி ஒரு வருடம் அவன் வேறெங்கும் ஆட முடியாது.

தெற்குத் தெருவுக்கும் ஆட முடியவில்லை. ஒருநாள்கூட அவர் அவனை மைதானத்தில் இறக்கவில்லை.

வடக்குத் தெருவுக்குக் கிடைக்கக் கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"பெஞ்சு சொகமா இருக்காடே?" என்று ஆட்டத்துக்கு ஆட்டம் கேட்டார்.

சுகமாகத்தான் இருந்தது.

அவன் தின்னத் தொடங்கினான்.

மரச்சீனிக் கிழங்கு. மத்திக் குழம்பு. இடைவேளையில் பழம்பொரி. ஒவ்வொரு கவளத்தையும் பெர்க்மான்ஸின் பிடரியைப் பார்த்துக்கொண்டே விழுங்கினான்.

மார்கழியில் இரண்டு ஜெர்சிகளை வெட்டி ஒன்றாகத் தைத்தார்கள். ஒன்பதாம் எண் ஆட்டக்காரன் தொண்ணூற்றொன்பது ஆனான். மீன் கம்பெனித் தராசு நூற்றுப்பதினான்கு கிலோ காட்டியது. அதற்குப் பிறகு அது எதையும் காட்டவில்லை.

ஒரே ஒரு கோல் போதும் என்று காத்திருந்தான்.

இன்று கடைசி நிமிடத்தில் பெனால்டி வந்தது. அடிக்க வேண்டியவனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோயிருந்தார்கள். மற்றவர்கள் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊரே அவன் பேரைச் சொல்லிக் கத்தியது. வேறு வழியில்லாமல் பெர்க்மான்ஸ் தலையசைத்தார்.

பெனால்டிக்கு ஓட வேண்டியதில்லை.

பந்தும் கோல்கீப்பரும் ஒன்றாகவே வலைக்குள் போனார்கள். பொய்யென்றால் வலையைப் போய்ப் பாருங்கள், இன்னும் தைக்கவில்லை.

விசில் ஊதியது. அவனுடைய ஒப்பந்தமும் அத்தோடு முடிந்தது.

பெர்க்மான்ஸ் நடந்தார்.

அவர் மிதித்த தடத்தில் ஊற்றுத் தண்ணீர் வந்தது. பின்னால் வந்த ஒருத்தி அதில் ஒரு குடம் மொண்டாள் என்கிறார்கள். அது மிகை. அரைக் குடம்தான்.

கொட்டு அடிக்கிறவர்கள் களைத்துப்போனார்கள். ஒருவன், "அண்ணாச்சி, பாத்து. கிளப்பையே தூக்கிட்டுப் போறீய" என்றான்.

வடக்குத் தெரு கிளப் வாசலில் அதன் தலைவர் ததேயு நின்றார். கையில் ஒரு தாள். சட்டைப் பையில் பேனா. அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"பாதி ஆளு போதும்டே எங்களுக்கு."

தெரு சிரித்தது.

பெர்க்மான்ஸ் நின்றுவிட்டார். குருசடி இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை.

அவருடைய இதயம் அடிப்பது அவன் தொடையில் கேட்டது.

"மக்கா," என்றார், உதடு அசையாமல். "மூணு வருசத்துக்கு எழுதித் தாறேன். நீயா எறங்கிரு. ஒங் காலு ஒருக்கா தரையில பட்டாப் போதும்."

அவன் கடலைப் பார்த்தான். நல்ல காற்று.

கீழே முழங்கால்கள் மடங்கத் தொடங்கின. முதலில் வலது. பிறகு இடது. அவர் மணலில் மண்டியிட்டார். அப்புறம் குதிகால்மேல் உட்கார்ந்தார். அப்போதும் அவனை விடவில்லை.

தரை மேலே வந்துகொண்டிருந்தது.

ஒரு சாண்.

நான்கு விரற்கடை.

அவன் இரண்டு கால்களையும் மடக்கி மேலே தூக்கிக்கொண்டான்.