வெளியே பதில் சொல்பவள்

அலுவலகத்துப் பெண் கணக்காளரைப் பற்றி மேனேஜர் இணையத்தில் பொய்ப்பெயரில் அவதூறு எழுதினார். அவமானம் தாங்காமல் அவள் செத்துப்போனாள். இணையத்தில் ஆளை மறைக்கும் வி.பி.என். போட்டிருந்ததால் எழுதியது யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு மேனேஜர் வீட்டு லினக்ஸ் கணினியில் எந்தத் தளத்தைக் கேட்டாலும் அந்த அவதூறே திறந்தது. டெக்னீஷியன் வந்து பார்த்தார்.

"சார், நீங்க கேக்குற தளத்தோட பேரு வி.பி.என்.னுக்கு வெளியே கசியுது. அங்க 'அக்கவுண்ட்ஸ் மூணு'ன்னு பேர் வச்ச ஒரு கம்ப்யூட்டர் பதில் சொல்லுது."

மேனேஜர் எழுந்துவிட்டார். "அது ஆபீஸ்ல செத்துப்போனவளோட கம்ப்யூட்டர். உடைச்சுப் போட்டாச்சே!"

டெக்னீஷியன் தளத்தின் பெயருக்கு முகவரி தேடித்தரும் டி.என்.எஸ். அமைப்பை மாற்றி, மற்ற வழிகளை ஃபயர்வாலில் அடைத்தார். கடைசியில் இணையக் கேபிளையே பிடுங்கினார். பதில் வந்துகொண்டேயிருந்தது.

மனைவி கைப்பேசியோடு உள்ளே வந்தாள்.

"என்னங்க, இதுலயும் அந்தப் பொண்ணப் பத்தின பக்கம்தான் வருது. கீழே எழுதினவர்னு உங்க பேரு போட்டிருக்கே?"