பனிக்குள் ஒரு கூடை

நகராட்சிச் செலவைக் குறைக்க சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகளுக்குள் தட்டெறிந்து விளையாடும் ஏரிக்கரை மைதானத்தை மூடிவிடலாம் என்பதுதான் கவுன்சிலர் கிரெட்சனின் எண்ணமும். மாலையில் வாக்கெடுப்பு. அதற்குமுன் ஒருமுறை பார்த்துவிட வந்திருந்தார்.

ஏரியிலிருந்து எழுந்த பனியில் மரங்கள் மிதந்துகொண்டிருந்தன. பிளாஸ்டிக் தட்டோடு ஒருவர் மட்டும் நின்றிருந்தார்.

"யாரு? காலடி புதுசா இருக்கே!"

"சும்மா வந்தேங்க. இதை மூடப்போறாங்களாமே?"

"ஆமாம்மா. அடுத்த மைதானம் நாப்பது மைல் தள்ளி இருக்கு. ஆனா இங்கதான் ஒவ்வொரு மரமும் எனக்குப் பழக்கம்."

வெண்மைக்குள் எங்கோ யாரோ உலுக்க, இரும்புக் கூடையின் சங்கிலிகள் கலகலத்தன. "எறிங்க ஆர்லன்!" என்றது ஒரு பெண்குரல்.

"என் வீட்டுக்காரி, லோரீன்" என்று சிரித்தபடியே அவர் தட்டை வீசினார். அது சத்தமில்லாமல் பனியில் கரைந்தது. ஒரு மூச்சு நேரம் கழித்துச் சங்கிலிகள் மறுபடி ஒலித்தன.

"உள்ளே விழுந்துடுச்சு!" என்றாள் லோரீன்.

கிரெட்சனால் நம்ப முடியவில்லை. "எப்படிங்க? இந்தப் பனியில எனக்குக் கூடையே தெரியலையே!"

ஆர்லன் திகைத்தார். "பனியா? ஏய் லோரீன், இன்னைக்குப் பனி மூடியிருக்கா? சொல்லவே இல்லையே!"

"கண்ணு தெரியாத மனுஷனுக்குப் பனி பெஞ்சா என்ன, வெயில் அடிச்சா என்ன? பேசாம அடுத்ததை எறிங்க!"

மாலையில் கிரெட்சன் மூடுவதற்கு எதிராகக் கை தூக்கினார். ஒரே வாக்கு வித்தியாசத்தில் மைதானம் பிழைத்தது.