துறைமுகமா, தீவா?

விளையாட்டுச் சாமான் கடை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனவள் அவள்தான். இருபது நிமிடமாகியும் அந்த அலமாரியை விட்டு நகரவில்லை.

ஒரு கையில் ‘துறைமுகம்’. இன்னொரு கையில் ‘தீவு’. இரண்டுமே ஒரே சீட்டாட்டத்துக்கு வந்திருக்கும் கூடுதல் பெட்டிகள். இரண்டும் ஏறக்குறைய ஒரே கனம்.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இப்போதே பத்தேகால்.

ஆட்டம் ஒன்றும் சிக்கலானதல்ல. ஆளுக்குப் பத்து சோப்ளாங்கிச் சீட்டுகளோடு ஆரம்பிப்பார்கள். நடுவில் பரப்பியிருக்கும் நல்ல சீட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கித் தன் கட்டில் சேர்த்து, கலைத்துக் கலைத்து ஆட வேண்டும். யார் கட்டு தேறுகிறதோ அவர் ஜெயிப்பார்.

டயாலிசிஸ் கூடத்துக்கு அதை முதலில் எடுத்துப் போனது அவள்தான். நாலு மணி நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு கிடக்க முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த சிக்னல் அண்ணன், பொம்மைப் படம் போட்ட சீட்டையெல்லாம் தான் தொடமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரயில்வேயில் சிக்னல் பழுதுபார்த்து ஓய்வு பெற்ற மனிதர். அந்த வீராப்பு ஒரு வாரம்தான் தாங்கியது.

ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பும்வரை, ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. அவளுக்கு இடது கை. அவருக்கு இடது கை நரம்பு அடைத்துப்போனதால் இப்போது வலது.

ஆக, இருவருக்கும் சேர்த்து இரண்டு கை. அவள் கட்டைப் பிடித்துக்கொள்வாள், அவர் உருவிச் செருகுவார். அப்படித்தான் கலைப்பது. புருஷன் பெண்டாட்டிகூட இத்தனை ஒத்துப்போய் ஒரு வேலை செய்து தான் பார்த்ததில்லை என்று நர்ஸம்மா சொல்வார்.

துறைமுகம் அவர் கேட்டது. இரண்டு மாதமாக அதே பேச்சு. அதில் கப்பல் உண்டு, சுங்கம் உண்டு, எதிராளியின் கப்பலை மறிக்கலாம். அது மட்டும் வரட்டும், உன்னை நடுக்கடலில் நிறுத்திவிட்டு நான் டீ குடிக்கப் போகிறேன் என்று சவால் விட்டிருந்தார்.

தீவை அவர் கேட்கவே இல்லை. அது ஒருவர் மட்டும் ஆடுவது. எதிராளி செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு தனிக் கட்டுச் சீட்டே செய்துவிடும்.

துறைமுகத்தைக் கொண்டுபோனால் அவர் முகம் மலரும். அதனாலேயே அதை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் அவள். அரை மில்லிமீட்டர் பிசகினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுத்துக்கொள்வாள். இதில் அப்படி முடியாது. இன்று தப்பாக எடுத்தால் எடுத்ததுதான்.

கல்லாவில் இருந்த பெண் எழுந்து வந்தாள்.

“ரெண்டு பேர் ஆடவா, ஒருத்தர் ஆடவாக்கா? அதைச் சொன்னா நானே எடுத்துத் தந்துடுவேன்.”

அந்தக் கேள்வியைத்தான் மூன்று வாரமாக அவள் சுமந்துகொண்டிருந்தாள்.

துறைமுகத்தை அலமாரியில் வைத்தாள். திரும்ப எடுத்தாள். மறுபடி வைத்துவிட்டு, மனசு மாறுவதற்குள் தீவோடு கல்லாவுக்கு நடந்தாள்.

பஸ்ஸில் ஒரு பொய்யை உருட்டிக்கொண்டே வந்தாள். துறைமுகம் தீர்ந்துபோச்சுண்ணா, அடுத்த மாசம்தான் வருமாம். நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தபோது உண்மை மாதிரிதான் இருந்தது.

எடை பார்த்து, ஊசி ஏற்றி, மெஷின் ஓட ஆரம்பித்ததும் பெட்டியை நடு மேஜையில் வைத்தாள். பொய்யையும் சொன்னாள்.

அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். மேல் அட்டையைப் பார்த்தார். ஒற்றைக் கையால் புரட்டிப் பின்பக்கத்தை வாசித்தார். ஒரு பத்தி எழுத்துக்கு அத்தனை நேரம் தேவையில்லை.

அவள் மெஷினில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

ஆறு வருஷமாக அவர் இதே நாற்காலி. இந்தக் கூடத்தில் எத்தனையோ நாற்காலிகள் காலியாவதைப் பார்த்தவர். எப்படியெல்லாம் காலியாகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டார்.

“யாரு குடுக்கறாங்க?”

அக்காவின் கிட்னி பொருந்திவிட்டது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்; அதற்குப் பிறகு அவள் இங்கே வர வேண்டியதில்லை. பதினாலு நாற்காலி உள்ள அந்தக் கூடத்தில் ஒருவரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. முக்கியமாக, கொடுப்பதற்கு வீட்டில் ஆளே இல்லாமல் ஆறு வருஷமாக வரிசையில் நிற்கும் இவரிடம்.

“அக்கா” என்றாள்.

அவர் தலையாட்டினார். பெட்டியை வாய்க்குக் கொண்டுபோய் மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பல்லால் கிழித்தார். மூடி வராமல் அடம்பிடித்தது. அவள் கை நீட்டி ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, திறந்தது.

“உன் அக்காவுக்குச் சீட்டாட வருமா?” என்று கேட்டார். “ஒரு மாசம் நீங்க ரெண்டு பேரும் சும்மா படுத்துக் கிடக்கணுமே.”